பதினெட்டாவது குழியின் விளிம்பு

அண்ணை,

நேற்று கோல்ஃப் கிளப் மண்டபத்துச் சுவரில் ஒரு படம் மாட்டினார்கள். வாசலில் நின்றபடியே எனக்குத் தெரிந்துவிட்டது, அது அந்த ஆட்டத்தின் கடைசிக் கணம் என்று. பதினாறு வருடங்களாக ஓர் உறுப்பினரின் வீட்டுப் பெட்டியில் கிடந்ததாம். இப்போது கதவளவுக்குப் பெருப்பித்துக் கண்ணாடி போட்டிருக்கிறார்கள். புல் ஒட்டிய சப்பாத்தோடு கம்பளத்தில் ஏறி நின்று பார்த்தேன். ஆடியவர்கள் நாலு பேர், கோட் போட்ட உறுப்பினர்கள், எல்லோருடைய கண்ணும் பந்தில். மரத்தடியில் மண்வாரியோடு நிற்கிற நீங்கள் மட்டும் பந்தைப் பார்க்கவில்லை. எங்கே பார்க்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். நேற்றிரவு நித்திரை இல்லை.

உங்களுடைய பழைய காரில், நாங்கள் குடியிருந்த பார்க் எக்ஸ்டென்ஷனிலிருந்து மேற்கே, டொலார்டைத் தாண்டி, கிளப்பின் புல்வெளி வேலைக்கு விடிய முன்னமே போய்ச் சேர்ந்துவிடுவோம். கோல்ஃபைப் பற்றி உங்களுக்கு ஒரு மதிப்பும் இருக்கவில்லை. “இவ்வளவு பெரிய காணி, அதுக்கை ஒரு சின்னக் குழி. விசர்க் கூட்டம் மோனை” என்பீர்கள். ஆனால் அந்தச் சின்னக் குழியை உங்களைப்போல வெட்ட அங்கே ஆளில்லை. ஒவ்வொரு நாளும் பழைய குழியை மூடி, வேறிடத்தில் புதுக் குழி வெட்டவேண்டும். வட்டக் கத்தியை நேராக இறக்கி, திருகி, மண்ணோடு மேலே இழுப்பீர்கள். இழுக்கும்போது புல்லின் விளிம்பு ஒரு பொட்டு மேலே எழும்பும். கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத்தான் தெரியும். முழந்தாளில் இருந்து உள்ளங்கையால் அதைச் சுற்றிவர அமத்திவிடுவது என் வேலை. வெட்டுவது நீங்கள், அமத்துவது நான். அப்படித்தான் பிரித்துக்கொண்டோம்.

அந்த ஆட்டம் ஒரு விருந்து மேசையில் கிளம்பிய வாக்குவாதம். பெயர்போன பழைய தொழில்முறை வீரர்கள் இருவரை, பல்கலைக்கழகத்தில் படிக்கிற இரண்டு கெட்டிக்காரப் பெடியன்கள் வெல்ல முடியுமா? வாசலைப் பூட்டி, பத்திரிகைக்காரர் ஒருவரையும் விடாமல், உறுப்பினர்களுக்கு மட்டும் ஓர் ஆட்டம். அன்று விடிய பதினெட்டாவது குழியை வெட்டிவிட்டு நீங்கள் வாளியோடு வண்டிக்கு நடந்தீர்கள். அந்த நேரம் பார்த்து முதியவர்களில் ஒருவருடைய கார் வந்து நின்றது. தொலைக்காட்சியில் அவரைப் பார்த்துப் பார்த்துத்தான் இந்த விளையாட்டே எனக்கு விளங்கியது. விளிம்பை அப்படியே விட்டு அவரிடம் ஓடிவிட்டேன், அண்ணை. கை குலுக்கிவிட்டுத் திரும்பி வர, நீங்கள் வண்டியைக் கிளப்பிக்கொண்டிருந்தீர்கள்.

“விளிம்பை அமத்திப்போட்டியோ?”

“ஓம் அண்ணை.”

பேந்து ஓடிப்போய் அமத்தலாம் என்ற நினைப்பு. ஆட்டம் அங்கே வந்துசேர நாலு மணித்தியாலம் இருந்தது. ஆனால் நான் ஆட்டத்துக்குப் பின்னாலேயே வாயைப் பிளந்துகொண்டு திரிந்தேன். நினைவு வந்தபோது பந்து உருண்டுகொண்டிருந்தது.

சிவப்புத் தொப்பி போட்ட பெடியன் அடித்த பந்து. விழுந்தால் ஆட்டம் சமன், விழாவிட்டால் முதியவர்களுக்கு வெற்றி. இரண்டு முழத் தூரம்தான், நானே போட்டிருப்பேன். நேராகப் போன பந்து விளிம்பில் ஏறித் தயங்கி, வெளியே திரும்பி நின்றது. பெரியவர்களைக் கண்டு பெடியனுக்குக் கை நடுங்கிவிட்டது என்று அன்று பின்னேரமே கதை கட்டிவிட்டார்கள். இன்றைக்கும் அதுதான் கதை.

எங்கள் பொறுப்பாளர் மட்டும் ஆட்கள் கலைந்த பிறகு குனிந்து விளிம்பைத் தடவிப் பார்த்தார். கொட்டகைக்கு வந்து, யாருடைய வேலை என்று பிரெஞ்சில் கேட்டார். நான் வாயைத் திறக்க முன், நெஞ்சில் கைவைத்து “முவா” என்றீர்கள், நான்தான் என்று. கிளப்பின் மானம் போகும் என்று அவர் விஷயத்தை அமுக்கிவிட்டார். உங்கள் கையிலிருந்த கத்தியை வாங்கி என் கையில் தந்தார். ஓய்வுபெறும்வரை நீங்கள் மணல் பள்ளங்களை வாரிக்கொண்டிருந்தீர்கள். நான் ஓம் என்று சொன்னதை நம்பி, பிழை உங்கள் வெட்டில்தான் என்று எண்ணிவிட்டீர்களாக்கும் என்று நான் நினைத்திருந்தேன்.

காரில் எத்தனை தரம் வாயெடுத்தேன்.

“அண்ணை, அண்டைக்கு…”

“அதை விடு. ஜான்-டலோன் சந்தையிலை நல்ல கத்தரிக்காய் வந்திருக்காம். வாறியோ?”

கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருவேன். தப்பிவிட்டேன் என்று சந்தோஷப்பட்டேன், வெட்கம் கெட்டவன்.

போன மாரியில் உங்களைப் பார்க்க ஆசுபத்திரிக்கு வந்ததும் அதைச் சொல்லிவிடத்தான். தலையணைக்குப் பக்கத்தில் செபமாலை கிடந்தது.

“இப்ப குழி வெட்டுறது ஆர்?” என்று கேட்டீர்கள்.

“நான்தான் அண்ணை.”

“அமத்துறது?”

“அதுவும் நான்தான்.”

“அப்ப சரி” என்று கண்ணை மூடினீர்கள். மூன்றாம் நாள் போய்விட்டீர்கள். பனி கரைந்து மறுபடி குழி வெட்டத் தொடங்கிய நாளிலிருந்துதான் இது. விடியப்புறம் முழந்தாளில் இருக்கிறபோதெல்லாம் முதுகுக்குப் பின்னால் “அமத்திப்போட்டியோ?” என்ற உங்கள் குரல் கேட்கிறது. திரும்பிப் பார்த்தால் பனிப்புகார்தான். பயமாக இருக்கிறது, அண்ணை.

இன்று காலை அந்தச் சிவப்புத் தொப்பிக்காரர் படம் பார்க்க வந்தார். தலை நரைக்கத் தொடங்கிவிட்டது. தொழில்முறை வீரராகிற கனவை அன்றோடு விட்டாராம். “கடைசி நேரத்தில் கை ஏமாற்றிவிட்டது. அதற்குப் பிறகு இந்தக் கையை நான் நம்பியதில்லை” என்று ஆங்கிலத்தில் சொன்னார். பிறகு கண்ணாடியில், உங்கள் முகத்தில், விரலை வைத்தார்.

“இவர் மட்டும் யாரைப் பார்க்கிறார்?”

“என்னை” என்றேன்.

படத்தின் மறு ஓரத்தில் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிற என்னைக் காட்டினேன். அந்த முகத்தைப் பார்த்தால் யாருக்கும் விளங்கும். உங்களுக்கு அப்போதே விளங்கியிருக்கிறது. எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். அவர் தன் வலது கையைத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு போய்விட்டார்.

நான் பதினெட்டாவதுக்கு நடந்தேன். காலையில் அமத்திய விளிம்புதான், என்றாலும் முழந்தாளில் இருந்து மறுபடியும் உள்ளங்கையை வைத்தேன். பின்னால் நீங்கள் கேட்டீர்கள். இந்தமுறை நான் திரும்பிப் பார்க்கவில்லை.

“இல்லை அண்ணை” என்றேன். “அண்டைக்கு நான் அமத்தேல்லை.”