எமனுவேலின் கையில் இருக்கும் வரி

இழுத்து இழுத்து மூச்சு வாங்கிக்கொண்டும் எப்போதும் எனக்கு முன்னால் ஓடிய என் அண்ணைக்கு,

ஒரு வருடம் பிந்தி எழுதுகிறேன். உன்னை நீ என்று கூப்பிட்டதற்காக அம்மாவிடம் எத்தனை குட்டு வாங்கியிருப்பேன். பதினாறு மாதம் மூத்தவனுக்கு என்ன மரியாதை என்று அப்போது கேட்டேன். இப்போதும் நீதான். மரியாதையாக எழுதிய ஒன்றை உனக்கு ஏற்கெனவே அடித்துக் கொடுத்துவிட்டோம். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

வருகிற மாதம் உன் ஆண்டுத் திவசம். நினைவு மலர் அடிக்க வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள் எழுத்தைத் தரச் சொல்லி அச்சகக்காரர் கேட்கிறார். "போன வருசத்தேயே போடு, திகதியை மட்டும் மாத்து" என்கிறார் அப்பா. மாற்றமாட்டேன் என்று நானும் சொல்லவில்லை, மாற்றுகிறேன் என்றும் சொல்லவில்லை. இரண்டு கிழமையாக இந்த வீட்டில் இதுதான் சண்டை. சத்தம் இல்லாத சண்டை. அவர் ரீவி பார்க்கிறார், நான் கழுவிய கோப்பையையே திரும்பக் கழுவுகிறேன்.

மொன்ட்ரியாலுக்குப் பக்கத்தில், ரொக்ஸ்பரோவில் இந்த வீட்டை அவருக்கு வாங்கிக் கொடுத்தது யார் என்று ஒருநாள் கேட்டுவிடலாம் என்று வாய் வரைக்கும் வரும். கேட்டதில்லை.

போன வருடம் நடந்தது உனக்குத் தெரியாது. முப்பத்தோராம் நாளுக்கு எங்கள் ஆட்கள் கல்வெட்டு அடிப்பார்கள் அல்லவா, பெயர்தான் கல், கையில் கிடைப்பது ஒரு சின்னப் புத்தகம். முன்பக்கம் படம், பிறகு தேவாரம், செத்தவரின் வாழ்க்கை வரலாறு, உறவுகளின் புலம்பல், கடைசியில் நன்றி. சாப்பிட்டு எழும்பிப் போகிற ஒவ்வொருவர் கையிலும் ஒன்று. பதினைந்து வயதில் அதைப் புரட்டிப் பார்த்து நீ சொன்னாய்: "இது எங்கடை ஆக்களின்ரை அல்பம். செத்தாப் பிறகுதான் ரிலீஸ்." அம்மா அகப்பையோடு கலைத்தது நினைவிருக்கிறதா?

"நீதானே யூனிவெர்சிற்றி முடிச்சனி, நீ எழுது" என்றார் அப்பா. எழுதினேன் அண்ணை. மூன்று பக்கம், ஒரே மூச்சில்.

ஐந்து வயதில் நீ கனடாவுக்கு வந்திறங்கிய மொன்ட்ரியால்-நோர் மூன்றாம் மாடி வீட்டை எழுதினேன். ஈரம் ஊறிக் கறுத்த சுவரையும், அந்தச் சுவரோரம் படுத்து உனக்கு இழுப்பு வந்ததையும் எழுதினேன். நிலவறையில் உடுப்புத் தோய்க்கும் மெஷின்கள் சுற்றுகிற சத்தத்துக்குச் சொற்களை அடுக்கி நீ பழகியது. பரராசசிங்கம் என்ற அப்பாவின் பெயர் வாயில் நுழையாமல் ரீச்சர்மார் உன்னைப் பரா என்று கூப்பிட்டதும், அதையே நீ மேடைப் பெயராக வைத்துக்கொண்டதும். கீழ்வீட்டு எமனுவேல் வாயால் தாளம் போட, தேவாலயத்தின் நிலவறையில் நீ முதன்முதல் ராப் பாடிய மாலை. அவனுடைய ஹெயிட்டிக்கார அம்மா கைதட்டினார். எங்களுடைய அப்பா வரவில்லை.

இருபது வயதில் பஸ் ஏறி அட்லாண்டாவுக்குப் போனதை எழுதினேன். இரண்டு வருடம் ஒரு முடி வெட்டும் கடையின் பின்னறையில் படுத்தாய். பகலில் மயிர் கூட்டினாய், கதிரையில் இருப்பவர்களுக்குப் பாடிக் காட்டினாய். அந்தக் கதிரைகளில் இருந்துதான் உன் முதல் பாட்டு வந்தவர்களின் கார் காராகப் போனது. பிறகு இரண்டு அல்பம், ஊர் ஊராக மேடை. உன்னைப் பார்க்க நான் வந்த அன்று அந்த மண்டபம் முழுக்க அமெரிக்கப் பிள்ளைகள் பரா, பரா என்று கத்தினார்கள். எங்கள் அப்பாவின் பெயரை அத்தனை பேர் சேர்ந்து சொல்லி நான் அதற்கு முன் கேட்டதில்லை.

நீ பாட்டெழுதும் கொப்பியையும் எழுதினேன். வரிக்கு வரி நீ போடும் சின்ன வட்டங்களை. "வட்டம் வந்தா மூச்சு, வதனி. விட்டா அடுத்த வரிக்கு நானில்லை." இழுப்புக்காரன் என்பதால் மற்றவர்களைப் போல நீட்டி ஓட உன்னால் முடியாது. துண்டு துண்டாக வெட்டி, நடுவில் நின்று, மூச்சை உறிஞ்சிப் பாடினாய். ஸ்டூடியோவில் அந்த மூச்சுச் சத்தத்தை வெட்டிவிடலாம் என்று சொன்னபோது, "வெட்டினா அது நானில்லை" என்று எழும்பி வந்தாயாம். பெரிய பத்திரிகைக்காரர்கள் உன் இடைவெளிகளைப் புதுப் பாணி என்று எழுதினார்கள். இழுப்பு மருந்துப் பம்ப் வைக்க அம்மா உன் கோட்டுக்கு உள்ளே தைத்துக் கொடுத்த பொக்கற்றைப் பற்றி அவர்களுக்கு யார் சொல்வது?

மூன்று பக்கத்தையும் அப்பா வாசித்தார். பிறகு பேனையை எடுத்தார்.

"ராப் எண்டு போட்டாச் சனம் என்னத்தை நினைக்கும்? துவக்கையும் போதைத் தூளையும்தான் நினைக்கும். 'கணினித் துறையில் பணியாற்றியவர்' எண்டு போடு. கொம்பியூட்டரிலைதானே மியூசிக் செய்தவன். பொய்யில்லையே."

அடுத்து உன் கடைசி இரவைப் பற்றிய வரி. மேடையில் இருந்து இறங்கி, பம்ப் இருந்த கோட்டை அங்கேயே மறந்து, ஹோட்டல் அறையில் தனியே நீ மூச்சு முட்டிச் செத்துக் கிடந்த வரி. வைத்திய அறிக்கையில் ஆஸ்துமா என்று தெளிவாக இருக்கிறது.

"இழுப்பு எண்டு போடாதை. பரம்பரை வருத்தம் எண்டு கதைப்பினம். நாளைக்கு இவளுக்குக் கலியாணம் பேச வேணும்."

இவள் என்றது என் மகள் இனியாவை. அவளுக்கு அப்போது நாலு வயது. கார்டெரியில், சின்னப் பிள்ளைகள் காப்பகத்தில், தன் சப்பாத்தை மாறிப் போட்டுக்கொண்டு வருகிற பிள்ளை. அவளுடைய கலியாணத்துக்காக நீ "திடீர் சுகவீனம் காரணமாக" இறந்தாய்.

நான் அப்பாவை மட்டும் குற்றம் சொல்லவில்லை. அந்த இரண்டு வரியையும் கீபோர்டில் தட்டியவள் நான். போதையில் போனவனின் மருமகள் என்று நாளைக்கு யாரும் என் பிள்ளையைச் சொல்லிவிடுவார்களோ என்ற பயம் எனக்கு. அவள் தும்மினால் பயம், சிரித்து இருமினால் பயம், யாராவது அவளை உற்றுப் பார்த்தாலும் பயம். இந்தப் பயத்தைக் காட்டி உன்னை விற்றேன்.

மிச்சத்தையும் கேள். புலம்பல் பாட்டு பெரியப்பா எழுதினார். "பேரரும் பூட்டரும் சூழப் பெருவாழ்வு கண்ட செம்மல்" என்று தொடங்குகிறது. முப்பத்துநாலு வயதுக்காரன் நீ, கலியாணமும் முடிக்காதவன். எண்பது வயதில் போன கடைக்காரர் ஒருவருக்கு எழுதியதில் பெயரை மட்டும் மாற்றித் தந்திருக்கிறார். மூன்று பேர் பிழை பார்த்தோம், ஒருவர் கண்ணிலும் படவில்லை. ஒருவரும் உன்னைத் தேடி அதை வாசிக்கவில்லை, அவ்வளவுதான். படம் என் கலியாணத்தில் எடுத்தது. கழுத்தில் பச்சை குத்தியிருந்த இடத்தைப் படக்காரர் சட்டைக் கொலரை உயர்த்தி மறைத்துக் கொடுத்தார்.

மண்டபத்தில் ஒரு மாமி சோற்றுக் கோப்பையோடு பக்கத்தில் வந்திருந்தா. "சுகவீனம் எண்டு போட்டிருக்கு. உண்மையா என்ன பிள்ளை?"

"ஆஸ்துமா மாமி."

"ஓமோம். அப்பிடித்தானே சொல்ல வேணும்" என்று என் கையைத் தடவிவிட்டா. அப்போதுதான் விளங்கியது. மானத்தைக் காக்க நாங்கள் வெறுமையாக விட்ட இடத்தில் சனம் தனக்குத் தெரிந்ததை நிரப்பிக்கொண்டது.

வெளியே கார் தரிப்பிடத்தில் மொன்ட்ரியால்-நோர்ப் பெடியள் பத்துப் பதினைந்து பேர் பூவோடு நின்றார்கள். உள்ளே குடும்ப ஆட்கள் மட்டும் என்று பெரியப்பா சொல்லிவிட்டாராம். எமனுவேலுக்கு நான் ஒரு கல்வெட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். எங்கள் வீட்டுச் சோறு தின்று வளர்ந்தவன், தமிழ் எழுத்துத் தெரியாது. உன் வாழ்க்கை வரலாற்றுப் பக்கத்தை விரித்துப் பிரெஞ்சில் கேட்டான்: "இதிலே அவன் ராப் பாடினான் என்று எங்கே இருக்கிறது?"

என் விரல் தானாகப் போய், ராப்பை எடுத்துவிட்டுப் போட்ட அந்த வரியில் நின்றது. "இதுதான்" என்றேன். அவன் அதைப் படம் எடுத்தான்.

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். போன மார்கழியில் மரக்கறிக் கடை வரிசையில் ஒரு சென்னைப் பெடியன், இங்கே படிக்க வந்தவன், அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றான். "சார், தப்பா நினைக்காதீங்க. நீங்க பராவோட அப்பாவா? முகம் அப்படியே இருக்கு."

"இல்லைத் தம்பி. ஆளை மாறிக் கேட்கிறீர்" என்றார் அப்பா. வெங்காயத்தைத் தட்டில் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன். பையை விரித்துப் பிடித்தேன்.

இனி இரண்டு கிழமைக்கு முன்னால் நடந்தது.

இனியாவுக்கும் இழுப்பு அண்ணை. பரம்பரை வருத்தம் கல்வெட்டு வாசித்துக்கொண்டு வருவதில்லை. அவளுடைய டொக்டர் மொன்ட்ரியால்-நோரில். காட்டிவிட்டு பஸ் ஏறினால், சாரதி இருக்கையில் எமனுவேல். "தங்கச்சி" என்றான், நீ பழக்கிய அதே சொல். நல்ல வெயில், அரைக்கைச் சட்டை. இடது முழங்கைக்குக் கீழே பச்சை குத்திய கறுப்பு எழுத்தில் நீட்டாகத் தமிழ்.

கணினித் துறையில் பணியாற்றியவர்.

நான் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

கடைசித் தரிப்பில் அவனுக்கு ஏழு நிமிட ஓய்வு. எஞ்சினை நிறுத்திவிட்டுக் கையை நீட்டினான். "வாசித்துக் காட்டு தங்கச்சி. இவ்வளவு நாளாக ஒருவரும் எனக்கு வாசித்துக் காட்டவில்லை. ஏறுகிற தமிழ் ஆட்கள் பார்த்துச் சிரித்துவிட்டு நல்லது, நல்லது என்கிறார்கள். போன மாதம் ஒரு அங்கிள் தன்னுடைய லப்டொப்பைத் திருத்தித் தருவாயா என்று கேட்டார். எனக்கு அது விளங்கவேயில்லை."

"அம்மா, என்ன எழுதியிருக்கு?" என்று இனியாவும் கேட்டாள்.

இன்னொரு பொய் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அதைச் சொல்லியிருந்தால் ஏழு நிமிடமும் ஒருமாதிரிக் கழிந்திருக்கும். பிள்ளையின் முகத்தைப் பார்த்தேன். சொல்லிவிட்டேன், முழுவதையும்.

"கொம்பியூட்டரா?" என்றான். பிறகு சிரித்தான். ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்து, கண்ணீர் வரச் சிரித்தான். "அவன் இருந்திருந்தால் இதை வைத்தே ஒரு அல்பம் போட்டிருப்பான்." சிரிப்பு நின்றபின் நெடுநேரம் தன் கையையே பார்த்தான். "ஏன் தங்கச்சி?"

"வெட்கம்."

"அவனை நினைத்தா?"

"சனத்தை நினைத்து."

அவன் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். கோபப்படவில்லை. வலது கையைத் தூக்கிக் காட்டினான். "இது சும்மாதான் இருக்கிறது. இந்தமுறை சரியானதைத் தா." வெளியே சனம் காத்து நின்றது. கதவைத் திறந்தான்.

முந்தநாள்தான் அதை அப்பாவிடம் சொன்னேன். ரீவியின் சத்தத்தைக் குறைத்தார். "ஆர், எமனுவேலோ? கையிலையோ?" என்றார். கொஞ்சம் பொறுத்து, "பிழையில்லாமல் குத்தியிருக்கிறானோ?" என்று கேட்டார்.

"எழுத்தெல்லாம் சரி அப்பா."

"உம்." ரீவியை நிறுத்தினார். "நீ விரும்பினதைப் போடு. என்ரை பேரை மட்டும் அதுக்குள்ளை இழுக்காதை."

"உங்கடை பேர்தானே அப்பா அவன்ரை பேர்."

எழும்பி அறைக்குள் போய்விட்டார். கதவை அறைந்து சாத்தவில்லை, மெல்லத்தான் சாத்தினார். அதை நான் என்னவென்று எடுப்பது? நீ இருந்தால் கேட்டிருப்பேன்.

உன் பாட்டுகளை இனியா கேட்காமல் பார்த்துக்கொண்டவளும் நான்தான். கெட்ட வார்த்தை இருக்கிறதாம். நாங்கள் உனக்காக அடித்த நல்ல வார்த்தைகளை விட அவை எந்த விதத்தில் அழுக்கு? நேற்று போட்டேன். அவளுக்கு வார்த்தைகள் விளங்கவில்லை. நீ மூச்சு இழுக்கும் இடத்தில் திடுக்கிட்டு என்னைப் பார்த்தாள். "மாமாவுக்கும் பம்ப் வேணுமா அம்மா?" என்றாள். ஓம் என்றேன். அடுத்த இடைவெளியில் அவளும் உன்னோடு சேர்ந்து இழுத்தாள்.

இந்தமுறை மலரில் வாழ்க்கை வரலாறு வரும் பக்கத்தில் இந்தக் கடிதம் போகிறது. எழுதி முடித்த கையோடு அச்சகத்துக்கு அனுப்பிவிடுவேன். அப்பா வாசிக்கவில்லை, மண்டபத்தில் மற்றவர்களோடு வாசிக்கட்டும். எமனுவேல் உள்ளே, முன் வரிசையில் இருப்பான். பெரியப்பாவுக்குச் சொல்லியாயிற்று.

அவனுடைய வலது கைக்கு நான் கைப்பட எழுதிக் கொடுத்தது இதுதான்: பரா, ராப் பாடகன், இழுப்போடு பாடியவன். நடுவில் நீ வைக்கும் சின்ன வட்டங்களையும் வைத்திருக்கிறேன். இடது கையில் இருப்பதை அழிக்கமாட்டானாம். அதுவும் உன் கதைதானே என்கிறான்.

ஒரு வாக்குத் தருகிறேன் அண்ணை. வருகிற குளிருக்குள் இனியாவுக்குத் தமிழ் எழுத்துப் படிப்பிப்பேன். பிறகு அந்த பஸ்ஸில் ஏற்றி முன் இருக்கையில் இருத்துவேன். முதலில் இடது கையை வாசிக்கட்டும், இது அம்மா எழுதியது என்று சொல்வேன். பிறகு வலது கையை வாசிக்கட்டும்.

உன் பொய்யைத் தட்டி எழுதியவளும்,
உன் ஒரே தங்கச்சியுமான
வதனி