கொள்ளிடக்கரைப் பனி

பூலாம்பாடி
18.11.2024

அன்புள்ள ரெங்கம்,

இங்கே நானும் செடிகளும் சுகம். அங்கே நீயும் உன் பந்தலும் எப்படி? நீ அனுப்பிய சாமந்தி விதை வந்தது. போஸ்ட்மேன் கவரைக் குலுக்கிப் பார்த்து, "என்னங்கம்மா, உள்ள கடுகா?" என்றார். எப்போதும் கேட்கிற கேள்விதான்.

மழை ஓய்ந்து பனி இறங்கிவிட்டது. பச்சமலைக் காற்று இரண்டு நாளாக ஜன்னலைத் தட்டுகிறது. அவரையில் அசுவினிப் பூச்சி ஒட்டியிருந்தது, சாம்பல் தூவினேன். டிசம்பர் பூ இன்னும் பத்து நாளில் நீலமாக நிற்கும்.

இப்போது முக்கியமான சேதி. மருமகன் பரணிதரன் பட்டாளத்திலிருந்து லீவில் வந்திருக்கிறார். டிசம்பரில் திரும்பும்போது என்னையும் டேராடூனுக்குக் கூட்டிப் போகிறேன் என்கிறார். சுவாதிக்கு இது ஆறாவது மாதம், பக்கத்தில் ஆள் வேண்டும். எனக்கும் போக ஆசைதான். ஆனால் தோட்டத்தை யாரிடம் விடுவது? மகன் இளவரசன் மக்காச்சோள வியாபாரத்தில் சாப்பிடக்கூட வீட்டுக்கு வருவதில்லை. மருமகளோ மண்ணில் கால் வைக்க மாட்டாள். ஐப்பசி மழையில் மோட்டார் தொட்டியருகே நான் வழுக்கி விழுந்ததிலிருந்து இளவரசன் வேறு, "அந்தத் தோட்டம்தான் ஒன்ன கொல்லப்போவுது" என்று திட்டிக்கொண்டே இருக்கிறான்.

எனக்கு வலது காது முழுக்கப் போய்விட்டது. போனில் யார் பேசினாலும் இரைச்சல்தான். எழுதிப்போடு. நீ என்ன சொல்கிறாயோ அதுதான்.

உன் பஞ்சு

-----

தா.பழூர்
26.11.2024

என் பஞ்சுவுக்கு,

போ. யோசிக்காமல் போ. பெற்ற மகள் கூப்பிடும்போது அவரைக்கொடியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாயா?

தோட்டத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். உன் வீட்டிலேயே வந்து தங்குகிறேன். ஜெயங்கொண்டம் விதைத் திருவிழாவில் ஒரு பிடி பாகல் விதைக்கு அடித்துக்கொண்டு சிநேகமானவர்கள் நாம். உன் செடியை நான் வாட விடுவேனா?

குளிருக்குச் சொல்கிறேன், கேள். என் தம்பி அரியமுத்து பட்டாளத்தில் இருந்தவன். தடியாக ஒரு ஸ்வெட்டரைவிட மெல்லிசாக இரண்டு போடுவதுதான் நல்லது என்பான். தேங்காய் எண்ணெய் அங்கே கல்லாகிவிடும், நல்லெண்ணெய் எடுத்துக்கொள். குல்லா வாங்க வெட்கப்படாதே. காதுக்குள் காற்றுப் போனால் இருக்கிற இடது காதும் போய்விடும். பருப்புப்பொடியும் சுண்டை வற்றலும் நான் செய்து கொண்டுவருகிறேன். அரியலூரில் ரயில் ஏற்றிவிட்டுத்தான் பூலாம்பாடிக்குப் போவேன்.

பிரசவம் முடியட்டும். பிள்ளைக்கு மூன்று மாதம் ஆகட்டும். அவசரப்பட்டுத் திரும்பாதே.

உன் ரெங்கம்

-----

டேராடூன்
22.12.2024

அன்புள்ள ரெங்கம்,

வந்து சேர்ந்தேன். உன் வற்றலைப் பார்த்ததும் சுவாதி பச்சையாகவே இரண்டை வாயில் போட்டுக்கொண்டாள்.

இது என்ன குளிர்! குழாயைத் திறந்தால் விரல் மரத்துப்போகிறது. பதினோரு மணிக்கு மேல்தான் சூரியன் வருகிறது, அதுவும் உறவு விட்டுப்போன சொந்தக்காரர் மாதிரி முகத்தைக் காட்டிவிட்டுப் போய்விடுகிறது. குவார்ட்டர்ஸ் வாசலில் நாலு தொட்டி இருக்கிறது. மண்ணைத் தொட்டுப் பார்த்தேன், ஐஸ். நம் மண்ணின் நினைப்பு வந்துவிட்டது.

ரயில் நகரும்போது நீ ஏன் அப்படி அழுதாய்? பிளாட்பாரத்தில் ஜனமெல்லாம் திரும்பிப் பார்த்தது. "பைத்தியம், வைகாசியில வந்துருவேன்டி" என்று கத்தினேன். கேட்டதா?

டிசம்பர் பூ பூத்துவிட்டதா? மல்லியைத் தை பிறந்ததும் கவாத்து செய். பட்டு ரோஜாவுக்குத் தண்ணீர் குறை, பனியே போதும். இளவரசனிடம் போட்டோ கேட்டால், "அனுப்புறேன்மா" என்று சுவாதியிடம் சொல்கிறான். இதுவரை வரவில்லை. உன்னுடையது பட்டன் போன், உன்னைக் கேட்டுப் பயனில்லை. எழுத்தில் காட்டு. கடிதத்தை நம் வீட்டு விலாசத்துக்கே போடுகிறேன்.

உன் பஞ்சு

-----

பூலாம்பாடி
3.1.2025

என் பஞ்சுவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீ கத்தியது கேட்டது.

காலையில் கண் விழித்தால் வெளியே ஒன்றும் தெரியவில்லை. அப்படி ஒரு பனிமூட்டம். கைநீட்டினால் கை தெரியாது. வெயில் ஏறிய பிறகுதான் ஒவ்வொரு செடியாக வெளியே வருகிறது. முதலில் நந்தியாவட்டை, அப்புறம் ரோஜா. டிசம்பர் பூ நீலம் பூத்துத் தரையெல்லாம் கொட்டிக் கிடக்கிறது. பட்டு ரோஜா ஒரே கொத்தில் ஏழு. பறிக்க மனசு வரவில்லை, அப்படியே விட்டுவிட்டேன். அவரை தினம் ஒரு முறம். அக்கம்பக்கம் கொடுக்கிறேன்.

நீ ஒன்றும் கவலைப்படாதே. சுவாதியைப் பார். காலுக்குச் சாக்ஸ் போடு.

உன் ரெங்கம்

-----

டேராடூன்
14.1.2025

அன்புள்ள ரெங்கம்,

பொங்கல் வாழ்த்து. இங்கே கரும்பு கிடைத்தது, மஞ்சள் கொத்து கிடைக்கவில்லை. உன் கடிதத்தைச் சுவாதிக்கு இரண்டு முறை படித்துக் காட்டினேன். ஒரே கொத்தில் ஏழு ரோஜா என்றதும், "அம்மா, ஒன் மொகத்தப் பாரு, நீதான் பூத்துட்டே" என்று சிரித்தாள். குளிர் தாங்காத நேரத்தில் அதைத்தான் எடுத்து எடுத்துப் படிக்கிறேன்.

ஒன்று கேட்க வேண்டும். பூலாம்பாடியில் கை தெரியாத பனிமூட்டம் எப்போதிருந்து? அங்கே வாழ்க்கைப்பட்டு வந்து முப்பத்தைந்து வருஷம் ஆகிறது. மார்கழியில் மலைக்காற்று அடித்து மூட்டத்தைக் கலைத்துவிடும். அது உன் கொள்ளிடக்கரைப் பனி அல்லவா? உன் ஊரை நினைத்துக்கொண்டு எழுதிவிட்டாயோ?

மல்லியைக் கவாத்து செய்தாயா?

உன் பஞ்சு

-----

பூலாம்பாடி
23.1.2025

என் பஞ்சுவுக்கு,

இந்த வருஷம் பருவம் எல்லா ஊரிலும் தலைகீழ். இங்கேயும் மூட்டம்தான். மல்லியை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டேன். துளிர் விடுகிறது.

நீ வைகாசிக்கு முன்னால் வர வேண்டாம். கைக்குழந்தையோடு சுவாதி தனியாகத் திண்டாடுவாள்.

ரெங்கம்

-----

பூலாம்பாடி
16.2.2025

ரெங்கம்,

இந்தக் கடிதம் எங்கிருந்து வருகிறது என்று மேலே பார்.

சுவாதிக்கு மாமியார் வந்துவிட்டார். பிரசவத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது, ஒரு வாரம் ஊருக்குப் போய் வருகிறேன் என்று கிளம்பினேன். உன் கடைசிக் கடிதம் நாலு வரி இருந்தது. தோட்டத்தைப் பற்றி நாலு வரியில் நிறுத்துகிறவளா நீ? உனக்குத்தான் உடம்பு சரியில்லை, மறைக்கிறாய் என்று நினைத்தேன். உனக்காகத்தான் ரெங்கம் வந்தேன். ஜெயங்கொண்டத்துப் பட்டாளக் குடும்பம் ஒன்று துணைக்கு வந்தது.

வீட்டுக்குள் உன்னைக் காணவில்லை. தோட்டத்தில் இருப்பாய் என்று கொல்லைக் கதவைத் திறந்தேன். வெளிச்சம் வரவில்லை. தகரச் சுவர். நேரே என் முகத்துக்கு எதிரே.

இளவரசனின் மக்காச்சோளக் குடோன். மோட்டார் தொட்டி, கிணற்றடி, பந்தல் கல்லு, ஒன்றும் இல்லை. கிராவல் கொட்டி மேலே சிமெண்ட் போட்டிருக்கிறது. நான் ரயில் ஏறிய அடுத்த வாரமே ஜேசிபி வந்ததாம். பக்கத்து வீட்டு வைரக்கண்ணு சொன்னாள்.

இளவரசனைக் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு நின்றான். "ரோட்டு மேல எடம் வேணும்மா. ஒங்கிட்ட கேட்டா வுடமாட்ட" என்றான். நான் உன் பெயரைச் சொல்லி, "பாவம், ரெங்கத்த எப்படிடா ஏமாத்துன?" என்றேன். அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"அத்தைய யாரும்மா ஏமாத்துனா? நான் தா.பழூருக்குப் போயிக் கேட்டேன். ஒன்ன டேராடூனுக்கு அனுப்பி வெக்கிறேன்னு அவங்கதான் சொன்னாங்க. செடியெல்லாம் டெம்போவுல ஏத்திக்கிட்டுப் போனதும் அவங்கதான்."

நான் நம்பவில்லை. அவனை அடிக்கக் கை ஓங்கினேன். பிறகு மருமகள் உள்ளேயிருந்து, "ஆமாங்கத்த, ஒங்க லெட்டரெல்லாம் இவருதான் அவங்க ஊருக்குத் திருப்பி அனுப்புனாரு" என்றாள்.

என் கடிதம் உன் வீட்டுக்கு வந்திருக்கிறது. நீ அங்கே உட்கார்ந்து 'பூலாம்பாடி' என்று மேலே எழுதியிருக்கிறாய். அதுவும் எனக்குப் பழகிய அதே கையெழுத்தில்.

இல்லை என்று ஒரு வரி எழுது. நம்பிவிடுகிறேன்.

பஞ்சு

-----

தா.பழூர்
21.2.2025

பஞ்சு,

இல்லை என்று எழுத முடியாது.

நீ விழுந்ததைக் கடிதத்தில் ஒரு வரியில் எழுதினாய். இளவரசன் என் வீட்டுக்கு வந்து அழுதான். "அம்மா சேத்துல கெடந்துச்சு அத்தை. காது கேக்காது, கூப்புடவும் ஆளில்ல. வைரக்கண்ணு பாக்கலன்னா அன்னிக்கே போயிருக்கும்" என்றான். ரோட்டுப் பக்கம் பாதி இடம் போதும், மீதியில் நீ நாலு செடி வைத்துக்கொள்ளலாம் என்றான். நீ தோட்டத்தில் செத்துக் கிடக்கிற மாதிரி எனக்குக் கனவு வந்தது. சரி என்றேன். உன்னை அனுப்பிவிட்டு உன் வீட்டுக்குப் போனேன். மறுவாரம் ஜேசிபி வந்தது. பாதியில் நிற்கவில்லை. கத்தினேன். யார் கேட்பது? கையில் கிடைத்ததையெல்லாம் வேரோடு பெயர்த்துக்கொண்டு வந்தேன்.

உண்மையை எழுதினால் அந்தக் குளிரில் நீ ஒற்றை ஆளாகக் கிளம்பிவிடுவாய் என்று பயந்தேன். ஆனால் நான் எழுதியது பொய்யில்லை, பஞ்சு. ரோஜா ஏழு பூத்தது. டிசம்பர் பூ கொட்டியது. மல்லி துளிர்த்தது. எல்லாம் உன் செடிதான், என் கொல்லையில். அவரை, நீ கொடுத்த விதையில் என் பந்தலில் காய்த்தது. தினமும் உன் செடியைப் பார்த்துத்தான் உனக்கு எழுதினேன்.

இங்கே வந்துவிடு. என்னோடு இரு. உன் செடிகள் உனக்காகக் காத்திருக்கின்றன.

என்றும் உன் ரெங்கம்

-----

பூலாம்பாடி
28.2.2025

ரெங்கம்மாளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது.

பூத்தது நிஜம் என்கிறாய். இருக்கட்டும். ஒரு பூ எங்கே பூத்தது என்பதும் நிஜத்தில் சேர்த்திதான்.

தோட்டம் போனதற்கு இளவரசன் பதில் சொல்ல வேண்டும். அவனோடு நான் பேசுவதில்லை. ஆனாலும் அவன் மகன், என்றைக்காவது பேசத்தான் வேண்டும். அவன் என்னிடம் நேராகக் கேட்டிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன். அநேகமாகத் தோற்றிருப்பேன். தோற்றாலும் என் கண் முன்னால், என் கையால் ஒவ்வொன்றாகப் பெயர்த்து உன்னிடமே கொடுத்திருப்பேன். அதற்குக்கூட விடாமல் வற்றல் செய்து கொடுத்து ரயில் ஏற்றிவிட்டாய். நீ பிளாட்பாரத்தில் அழுததை என் மேல் உள்ள பாசம் என்று சுவாதியிடம் எத்தனை பெருமையாகச் சொன்னேன் தெரியுமா?

என் உயிருக்குப் பயந்தேன் என்கிறாய். அதையும் நம்புகிறேன். ஆனால் நான் எப்படி வாழ வேண்டும் என்று நீயும் அவனும் உட்கார்ந்து முடிவு செய்தபோது, எனக்குக் காதுதான் கேட்கவில்லை, ரெங்கம்மா. வாய் இருந்தது.

செடிகள் இனி உன்னுடையவை. பார்க்க வரமாட்டேன். நாளை மறுநாள் டேராடூன் போகிறேன். பிரசவம் முடிந்த பிறகும் அங்கேதான் இருப்பேன். பங்குனி பிறந்தால் அந்த நாலு தொட்டி மண் இளகும் என்று பரணிதரன் சொல்கிறார்.

இனி எழுத வேண்டாம். கோபத்தில் சொல்லவில்லை. நீ மழை பெய்கிறது என்று எழுதினால், நான் யாரையாவது கூப்பிட்டு அங்கே மழையா என்று விசாரிக்க வேண்டியிருக்கும். அப்படி ஒரு கடிதத்தை உன்னிடமிருந்து வாங்க எனக்கு மனசில்லை.

பஞ்சவர்ணம்