வலது காலுக்கு இரண்டு விரல் கூட

அக்கா,

ஹட்டனில் கறுப்புக் கயிறு வாங்கப் போனேன். பிள்ளையின் காலில் கட்டத்தான் என்றதும் கடைக்காரர் ஒரே அளவில் இரண்டு துண்டு வெட்டப் போனார். வேண்டாம், முழுசாகவே தாருங்கள் என்று வாங்கிக்கொண்டேன். புதுக் கயிற்றின் சாய வாடை மூக்கில் ஏறியதும் உன் நினைவு வந்துவிட்டது. நாளைக் காலை உன் மகன் கவினை ஸ்கேனுக்குக் கண்டிக்குக் கூட்டிப்போக வேண்டும்.

அவன் பிறந்தபோது தேயிலைத் தோட்டத்து லயமே, வரிசை வீடுகள் அத்தனையும், திரண்டு வந்தது. அவ்வளவு பெரிய பிள்ளையை யாரும் பார்த்ததில்லை. நாக்கு வாய்க்குள் அடங்கவில்லை, தொப்புள் பிதுங்கியிருந்தது. பிறந்த அன்றே இரத்தத்தில் சீனி இறங்கி நம்மைக் கலங்கடித்தான். வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் மறந்து ‘யானைக்குட்டி’ என்று கொஞ்சினோம். உனக்கோ கண்பட்டுவிடும் என்று பயம். ஒரே அளவில் இரண்டு கயிறு வெட்டி இரண்டு காலிலும் கட்டி, குளிருக்குக் கம்பளிக் காலுறையும் மாட்டிவிட்டாய். வலது கயிறு மட்டும் சதையில் பதிந்தபோது, மழையில் நனைந்து சுருங்கிவிட்டது என்றாய். நானும் தலையாட்டினேன். கயிற்றை மாற்றி மாற்றிக் கட்டினோமே தவிர, கால்தான் பருக்கிறது என்று இருவருக்கும் தோன்றவில்லை.

கிளினிக்கில் காலுறையைக் கழற்றச் சொன்ன டாக்டர்தான் கண்டுபிடித்தார். பெக்வித்-வீடமன் என்று வாயில் நுழையாத பெயர் சொன்னார். உடம்பை வளரச் சொல்லும் மரபணுவும் உண்டு, நிறுத்தச் சொல்வதும் உண்டாம். இவனுக்குச் சில இடங்களில் நிறுத்தச் சொல்வது பேசாமல் இருக்கிறதாம். “மாசமா இருந்தப்ப நான் என்னா தப்பு செஞ்சேன் டாக்டர்?” என்று கேட்டாய். யார் தப்பும் இல்லை என்றார். ஆனால் சிறுநீரகத்திலோ ஈரலிலோ கட்டி வரலாம், பெரும்பாலும் வராது, எட்டு வயது வரை மூன்று மாதத்துக்கொரு முறை பார்க்க வேண்டும் என்றார்.

ஒவ்வொரு ஸ்கேன் முடிந்தும் நான் சிரித்தால் நீ சிரிக்கமாட்டாய். “ஒன்னுமில்லன்னு சொல்லல புள்ள, இந்த முற ஒன்னுமில்லன்னுதான் சொன்னாங்க” என்பாய்.

போன வருஷம் கொழுந்து எடுக்கும்போது குளவி கொட்டி நீ செத்துப்போனாய். அவனுக்கு என்ன ஆகுமோ என்றே பயந்துகொண்டிருந்த வீட்டில், உனக்காக ஒருவரும் பயப்படவில்லை. நினைத்தால் இன்னும் ஆத்திரமாக வருகிறது.

இப்போது அவனுக்கு ஆறு வயது. நாக்கு வாய்க்குள் அடங்கிவிட்டது, பேச்சுத்தான் அடங்கவில்லை. சாயங்காலம் இரண்டு காலையும் நீட்டிக்கொண்டு, “சித்தி, நாளைக்கு டாக்டர் என்னா தேடுவாங்க?” என்றான்.

“ஒன்னும் இருக்கக் கூடாதுன்னு தேடுவாங்க.”

“இல்லாதத எதுக்குத் தேடணும்?”

கயிற்றை எடுத்தேன். கயிறு கால் பருப்பதைக் காட்டும், சிறுநீரகத்தில் இருப்பதைக் காட்டாது என்று எனக்கும் தெரியும். ஆனாலும் இரண்டு துண்டு வெட்டி இரண்டு காலிலும் கட்டினேன். இரண்டும் இறுக்காமல் சரியாக இருந்தன. அப்புறம்தான் கவனித்தேன்: அளந்து பார்க்காமலே என் கை வலது காலுக்கு இரண்டு விரல் கூட விட்டு வெட்டியிருந்தது.