பச்சைக் காரின் அடித்தகரம்

ஒக்டோபர் 6, செவ்வாய்

காலையில் நெருப்பு வெயில். பின்னேரம் மழை. குடை பஸ்ஸில் போய்விட்டது.

என் மனைவி ரஞ்சியை மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். 19ஆம் திகதி தொடங்கி கரண்ட் பிடிக்க வேண்டும். கதிர்ச் சிகிச்சையை எல்லாரும் இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். சனி, ஞாயிறு தவிர ஒவ்வொரு நாளும், ஐந்து கிழமை. ஒரு நாளும் விடக் கூடாது என்று டொக்டர் இரண்டு தரம் சொன்னார்.

கிருலப்பனை செக்பொயின்டில் பஸ்ஸை நிறுத்தி எல்லாரையும் இறக்கினார்கள். வரிசை. அடையாள அட்டை. ரஞ்சிக்கு ஒப்பரேஷன் தையல் இன்னும் காயவில்லை. என் சேர்ட்டைப் பின்னால் பிடித்துக்கொண்டு நின்றாள். இவள் நோயாளி, பஸ்ஸிலேயே இருக்கட்டும் என்று சிங்களத்தில் கேட்டேன். ஆமிக்காரப் பொடியன் வரிசையைக் காட்டினான். அவ்வளவுதான் பதில். பின்னால் நின்ற மனுசி யாருக்கோ சொல்கிறாள்: "இவங்களாலதான் எங்களுக்கும் லேட்." திரும்பிப் பார்த்தேன். தமிழ் மனுசிதான். யாழ்ப்பாணத்தில் பிறந்தவர்கள்தான் அவளுக்கு "இவங்கள்" போலும்.

ஐந்து கிழமைக்கு இப்படி இவளை ரோட்டில் நிறுத்த என்னால் முடியாது. ஓட்டோ கட்டுப்படியாகாது. காரில் வருகிறவர்களை உள்ளே இருக்க வைத்துத்தான் பார்க்கிறார்கள், இன்றைக்கும் கண்டேன். கார் வாங்குவது. எந்தக் குப்பையானாலும் சரி.

ஒக்டோபர் 8, வியாழன்

மழை இல்லை. புழுக்கம்.

குகன் கார் பிடித்துவிட்டான். குகன் ரஞ்சியின் தம்பி. காலி வீதியில் கொமினிகேஷன் கடை வைத்திருக்கிறான், ஊரில் உள்ளவன் எல்லாம் லண்டனுக்கும் கனடாவுக்கும் அங்கேயிருந்துதான் கதைப்பது. அதனால் தனக்கு எல்லாம் தெரியும் என்று நினைப்பு.

தெஹிவளையில் கடலோரத்து வீடு, ஒரு கிழவன் விற்கிறான். பச்சைக் கார், என்னைவிட இரண்டு வயது மூப்பு. நம்பர் தகட்டில் நடுவில் பழைய காலத்து ஸ்ரீ. "என்ஜின் சிங்கம் அத்தான்!" என்றான் குகன். நான் கதவைச் சாத்திப் பார்த்தேன், ஹோர்ன் அடித்துப் பார்த்தேன். வேறு என்ன பார்ப்பது என்று எனக்குத் தெரியாது. கையில் இருந்ததை அப்படியே கொடுத்தேன்.

திரும்பி வருகையில் காலி வீதிப் பள்ளத்தில் நேற்றைய தண்ணீர். கார் இறங்கியதுதான், பின்னால் இருந்த குகன் "ஐயோ" என்று கத்தினான். ஜன்னல் எல்லாம் பூட்டித்தான் இருந்தது. தண்ணீர் கீழேயிருந்து வந்தது. நிறுத்தி விரிப்பைத் தூக்கினால் பின் சீற்றுக்கு முன்னால் தரையே இல்லை. துருப்பிடித்து உதிர்ந்து போய் ஒரு லினோலியத் துண்டு. கடல் காற்று தின்றிருக்கிறது. ரஞ்சி கால் வைக்க வேண்டிய இடம்.

பேய்க்காட்டிவிட்டான் கிழவன். குகனைப் பிடித்து ஏசினேன். நனைந்த காற்சட்டையோடு நின்று அவன் சொல்கிறான்: "இந்த விலைக்குத் தரையும் வேணுமெண்டு கேட்டால் எப்படி அத்தான்?"

அறைந்திருப்பேன். ரோட்டில் சனம்.

ஒக்டோபர் 10, சனி

கொட்டாஞ்சேனை. செல்வத்தின் கராஜ். கராஜ் என்றால் ஒழுங்கைக்குள் நாலு தகரம், ஒரு வெல்டிங் மெஷின். ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து ஆள், எப்போதும் சிரிப்பு. அந்தச் சிரிப்பே எனக்கு விசர் ஏற்றியது.

கீழே படுத்துப் பார்த்துவிட்டு எழும்பினான். "சார், இது காரு இல்ல, சல்லடை."

செய்ய வேண்டியது:
அடித்தகரம், பின் பக்கம், முழுக்கப் புதுசு
பிரேக்
பற்றறி (சின்னம்மாவின் மகனிடம் பழையது ஒன்று கேட்கலாம்)
வைப்பர் வேண்டாம், காசில்லை. ஒக்டோபரில் வைப்பர் வேண்டாமாம். எனக்கென்ன விசரா? வைப்பரும்.

ஒட்டுப்போட்ட அடையாளம் கொஞ்சமும் தெரியக் கூடாது என்று செல்வத்திடம் திரும்பத் திரும்பச் சொன்னேன். "அடியிலதான சார், யாரு பாக்கப் போறா?" என்றான். ரஞ்சி பார்ப்பாள். குளித்துவிட்டு வந்து கண்ணாடியைத் திருப்பி வைக்கிறவள். நேற்று, "எனக்கும் ஒட்டு, காருக்கும் ஒட்டு, நல்ல பொருத்தம்" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்கு வேண்டாம்.

ஒக்டோபர் 14, புதன்

அரை நாள் லீவு போட்டுப் போனால் கார் கல்லில் ஏறி நிற்கிறது. ஒன்றும் நடக்கவில்லை. செல்வம் மர வாங்கில் படுத்திருக்கிறான். வந்த கோபத்துக்கு வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். தோட்டத்துக்கே திரும்பிப் போ என்றும் சொன்னேன்.

எழும்பி முகத்தைத் துடைத்தான். "முந்தா நாள் ராத்திரி ஆமி வந்து ரவுண்டப் சார். லொறியில ஏத்திக்கிட்டுப் போனாங்க. இன்னைக்குக் காலையிலதான் விட்டாங்க. தூங்கல, அதான்."

முதலிலேயே சொல்லியிருக்கலாமே, நாசமாய்ப் போனவன். நான் இத்தனையும் சொல்லி முடிக்கும் வரை ஏன் கேட்டுக்கொண்டு கிடந்தான்? தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தேன். குடித்துவிட்டு வெல்டிங் கண்ணாடியைப் போட்டான். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் யாரையாவது அடிக்க வேண்டும் போல இருந்தது.

மண்ணெண்ணெய் முடிந்தது. வாங்க வேண்டும்.

ஒக்டோபர் 17, சனி

கார் வந்தது!

குறை சொல்ல இடமில்லை. ஒட்டு எங்கே என்று நானே தடவித் தேடினேன். அரத்தால் ராவி மட்டமாக்கி, கறுப்புப் பெயின்ட் அடித்து, மேலே சிவப்பு விரிப்பு. பழைய துரு முழுவதையும் வெட்டி எறிந்துவிட்டான். "எவன் பாத்தாலும் கண்டுபிடிக்க முடியாது சார்." நான் அவன் தோளில் தட்டினேன்.

ரஞ்சி தலையணையோடு ஏறி உட்கார்ந்து கால் நீட்டிப் பார்த்தாள். "இஞ்சாருங்கோ, சும்மா ஒருக்காப் பம்பலப்பிட்டி மட்டும் போட்டு வருவமே?" போய் வந்தோம். சமோசா தின்றாள். ஒரு மாதத்தில் அவள் கேட்டுத் தின்ற முதல் சாமான்.

ஒக்டோபர் 19, திங்கள்

ஆத்திரம் அடங்காமல்தான் எழுதுகிறேன்.

கிருலப்பனை. நிறுத்தினார்கள். முதலில் சரியாகத்தான் இருந்தது, ரஞ்சியை இருக்கச் சொன்னார்கள். ஒரு பொடியன் கம்பியால் காரின் தரையைத் தட்டிக்கொண்டு வந்தான். முன்னால் ஒரு சத்தம், பின்னால் வேறு சத்தம். விரிப்பை இழுத்தான். புதுக் கறுப்புப் பெயின்ட். மணந்து பார்த்தான். சத்தம் போட்டுத் தங்கள் பெரியவனைக் கூப்பிட்டான்.

"பஹின்ன."

இறங்கினோம். இரண்டு பேரும்.

இதற்குள் என்ன ஒளித்திருக்கிறாய் என்றான் பெரியவன். துரு, மலகட, மஹத்தயா, என்றேன். துருவைக் காட்டு என்றான். காட்டத் துரு எங்கே இருக்கிறது? எல்லாவற்றையும் வெட்டி எறிந்தாயிற்று. யார் செய்தது? கொட்டாஞ்சேனை என்றால் செல்வத்தை மறுபடி லொறியில் ஏற்றுவார்கள். வாங்கும்போதே இப்படித்தான் இருந்தது என்றேன். பெயின்ட் இன்னும் மணக்கிறதே என்றான். கடப்பாரை எடுத்து வந்தார்கள்.

ரஞ்சி மணல் மூட்டைகளுக்குப் பக்கத்தில், வெயிலில். கதிரை கேட்டேன், இல்லை. நின்று பார்த்துவிட்டு ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டாள். பஸ்ஸில் போனவர்கள் எல்லாம் எங்களைப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

தகரத்தை நெம்பிக் கிழித்தார்கள். கீழே என்ன? ரோட்டு. பொடியன் ஓட்டைக்குள் தலையை விட்டு ரோட்டைப் பார்த்தான். பெரியவனுக்கு ஏமாற்றம், முகத்தில் தெரிந்தது. "ஹரி, யன்ன." போகட்டாம். மன்னிப்பாவது, மண்ணாவது.

ஆஸ்பத்திரியில் எங்கள் முறை போய்விட்டது. நாளைக்கு வரச் சொன்னார்கள். ஒரு நாளும் விடக் கூடாது என்றது, முதல் நாளே போயிற்று. பஸ்ஸில் போயிருந்தால் கொஞ்ச நேரம் நின்றிருப்பாள், போய்ச் சேர்ந்திருப்பாள். நான்தான், கண்டறியாத கார் வாங்கி, கண்டறியாத ஒட்டுப் போட்டு, தெரியக் கூடாது தெரியக் கூடாது என்று சொல்லி, அவளை வெயிலில் இருத்தினேன். இவங்கள் செய்தது அநியாயம். ஆனால் அந்தப் பெயின்ட் நான் அடிக்கச் சொன்னது.

இரவு சாப்பிடவில்லை. செல்வத்திடம் கொண்டுபோய், இந்த முறை ஒட்டுத் தெரியும்படி போடச் சொல்லப் போகிறேன் என்றேன். ரஞ்சி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"மூடாதேங்கோ. அப்பிடியே இருக்கட்டும். பாக்கிறவங்கள் வடிவாப் பாக்கட்டும்."

ஒக்டோபர் 20, செவ்வாய்

விடிய முதலே மழை. வைப்பர் வேலை செய்கிறது.

விரிப்பு இல்லை. ஓட்டை அப்படியே. ஓரம் வெட்டாமலிருக்க நான் பழைய டயர் ரியூப்பைச் சுற்றிக் கட்டினேன். ரஞ்சி கால் இரண்டையும் சீற்றில் தூக்கி வைத்துக்கொண்டாள். தையல் இழுக்கிறது என்றாள், பிறகு இல்லை என்றாள். பள்ளம் ஒவ்வொன்றிலும் கண்ணாடியில் அவளைப் பார்த்தேன்.

அதே பொடியன். கதவைத் திறந்தான், குனிந்தான், ஓட்டைக்குள்ளால் ரோட்டைப் பார்த்தான். சிரித்தான். கம்பி எடுக்கவில்லை. கையைக் காட்டினான், யன்ன. ரஞ்சி இறங்கவில்லை.

நேரத்துக்குப் போனோம். கரண்ட் பிடித்தார்கள். வெளியே வந்து, "பாத்தியளே, சரிவந்திட்டுது" என்றாள், பரீட்சை பாஸ் பண்ணியவள் மாதிரி. எனக்கு நேற்றைவிட இன்றைக்குத்தான் ஆத்திரம். நேற்று கிழித்தது அவங்கள். இன்றைக்கு அதை அப்படியே வைத்துக்கொண்டு போனது நாங்கள். அதுவும் சரிவந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து அவளுடைய சேலைக் கரையை நான்தான் பிழிந்தேன். ஓட்டைக்குள்ளால் தெறித்த ரோட்டுச் சேறு, எண்ணெய்க் கறுப்பு, இரண்டு தண்ணீர் மாற்றியும் போகவில்லை. அடுத்த நாளைக்கு வேறு சேலை எடுத்து வைக்கவா என்று கேட்டேன்.

"இதையே கட்டுறன். வேற ஒண்டை ஏன் பழுதாக்க வேணும்?"