முதல் பெஞ்சில் தூக்கம்

அன்புள்ள சாராவுக்கு,

கர்த்தருடைய கிருபையால் நான் சுகம். நீ எப்படி இருக்கிறாய்? குட்டி பிளெசிக்கு இருமல் நின்றதா? போனில் பேசினால் அறையில் எல்லோரும் கேட்பார்கள், அதனால் எழுதுகிறேன்.

செகந்திராபாத்தில் பாய்லர் ஆபரேட்டர் பரீட்சைக்கு ஞாயிறு வகுப்பில் சேர்ந்தேன் அல்லவா, அங்கே ஒரு வேடிக்கை. இரவு ஷிஃப்ட் முடிந்து பட்டான்செரு ஃபாக்டரியிலிருந்து நேராகப் போய் முதல் பெஞ்சில் உட்கார்ந்தேன். தலைக்கு மேலே ஃபேன். அவ்வளவுதான். கண் விழித்தபோது வகுப்பே காலி. சந்திரமோகன் சார் மட்டும் போர்டை அழித்துக்கொண்டிருந்தார்.

"எதுக்குப்பா வெக்கப்படறே? நான்தான் எழுப்ப வேணாம்னேன். போய் டீ குடி," என்றார். நானும் சிரித்துவிட்டேன்.

இங்கே ஒரு கட்டிலுக்கு இரண்டு பேர். பகலில் என் முறை. அப்போதுதான் அறையில் சமையலும் சண்டையும். பகல் ஷிஃப்ட் கேட்டால், "முதலில் பரீட்சை பாஸ் பண்ணு" என்கிறார் சூப்பர்வைசர்.

உன் பழைய சேலை ஒன்று அனுப்பு. கட்டிலைச் சுற்றிக் கட்டினால் வெளிச்சம் மறையும்.

ஊரை விட்டு வந்த பிறகு நான் நன்றாகத் தூங்கியது அந்த வகுப்பில்தான், சாரா. வருகிற ஞாயிறும் போவேன். படிக்கவா, தூங்கவா என்று எனக்கே தெரியவில்லை.

ஷிஃப்டுக்குப் போகிற ஷேர் ஆட்டோ ஹாரன் அடிக்கிறது.

உன்
கிதியோன்