லிஃப்டுக்கு எதிராக என் ஓட்டு

நவ. 6, வியாழன். மழை.
சத்தியமாகச் சொல்கிறேன், இதை ஒருவரும் நம்பப் போவதில்லை. இரும்புலியூரின் நிகரற்ற மாவீரனாகிய நான், வீட்டு சோபாவிடம் தோற்றேன். உட்கார்ந்தால் எழ முடியவில்லை. கையை ஊன்றி, முன்னும் பின்னும் ஆடி, ஓர் உலகப்போர் நடத்திய பிறகே விடுதலை. வலி? துளியும் இல்லை. தொடையில் வேலை பார்த்தவன் எவனோ சொல்லாமல் ஓடிவிட்ட மாதிரி.
லிஃப்ட் ஆடி மாதமே படுத்துவிட்டது. நாங்கள் மூன்றாவது மாடி. இமயமலையே அதற்குக் குட்டை.

நவ. 7, வெள்ளி. தூறல்.
பால் வாங்க இறங்கியது தப்பு. திரும்பும்போது படியில் நின்றேன். குடியிருப்பின் மருத்துவ மேதைகள் பிடித்துக்கொண்டார்கள்.
சங்கச் செயலாளர் சபாபதி: "வயசாவுது சார். வாக்கிங் போங்க." தெருமுனைக்கே காரில் போகிற ஜென்மம்.
கீழ்வீட்டு மனோகர்: "எல்லாம் கேஸ் சார். மோர்ல பெருங்காயம் போட்டுக் குடிங்க."
இருவருக்கும் சேர்த்து ஒரு மூளை. அதுவும் வாடகைக்கு.
இரவு என் மனைவி ஸ்டெல்லா என் முகத்தையே பார்த்தாள். இமை இரண்டும் நாவல்பழ நிறமாம். விரல் முட்டிகளில் சிவப்புத் தடிப்பு.
"ஹேர் டை அலர்ஜி" என்று தீர்ப்பளித்தேன். நான் மட்டும் மேதை இல்லையா?

நவ. 9, ஞாயிறு. அதிசயமாக வெயில்.
கார் நிறுத்துமிடத்தில் சங்கக் கூட்டம். லிஃப்டைச் சரிசெய்யத் தீர்மானம். கொண்டுவந்தவன் அடியேன். எதிர்ப்பவர்கள் கீழ்த்தளத்துப் பிரபுக்கள். பூமி அதிர உரையாற்றினேன்.
"ஆதரிக்கிறவங்க கை தூக்குங்க" என்றான் சபாபதி.
என் கை தோள் வரை வந்தது. அதற்கு மேல் வரமாட்டேன் என்றது.
"இன்னா சார், உங்க தீர்மானத்துக்கு நீங்களே எதிரா?"
ஒரே சிரிப்பு. மனோகர் நாற்காலியிலிருந்து விழாத குறை. ஒரு ஓட்டில் தோற்றது. என் ஓட்டில்!
ஸ்டெல்லா மட்டும் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும், "இன்னொரு தடவ தூக்குங்க."
வரவில்லை.
"வலிக்குதா?"
"இல்ல."
"அதாங்க பயமா இருக்கு. படி ஏற முடியல, சோபால எழுந்திருக்க முடியல, இப்ப கை. நேத்து சோறு தொண்டையிலயே நின்னுச்சு. கண்ணு வேற இப்படி. எல்லாம் தனித்தனி வியாதியா? ஒண்ணுதாங்க."

நவ. 10, திங்கள். மழை.
டாக்டரம்மா என்னைக் கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து எழச் சொன்னார். எழவில்லை. இமை பார்த்தார், விரல் முட்டி பார்த்தார்.
"வயசும் இல்ல, கேஸும் இல்ல. தசையில அழற்சி மாதிரி தெரியுது. உடம்போட எதிர்ப்பு சக்தியே தசையைத் தாக்கும். ரத்தம் பார்த்துடலாம். விழுங்கறது இன்னும் கஷ்டமானா அன்னிக்கே வாங்க, தள்ளிப் போடாதீங்க."
என் படையே என்னைத் தாக்குகிறது. வேறு எவனுக்குத் துணிச்சல்?

நவ. 13, வியாழன். மேகம்.
ரத்தத்தில் தசை நொதி எக்கச்சக்கம். சனிக்கிழமை பெரிய டாக்டர். மாத்திரை நீண்ட நாள் இருக்குமாம்.
படியில் மனோகர்: "கேஸ் போச்சா சார்?" கும்பிடாமல் நழுவலாம் என்று பார்த்தேன். கை அதற்கு மட்டும் நன்றாக எழுந்தது, சீச்சீ.
உலகப்போர், பூமி அதிர்ந்தது, ஒரு ஓட்டு: எல்லாம் நான் ஊதிப் பெருக்கியவை. தீர்மானம் படுதோல்வி. உரை இரண்டே வரி.
காலையில் சீப்பு தலை வரை போகவில்லை. ஸ்டெல்லா பிடுங்கிச் சீவிவிட்டாள். வகிடு தப்பான பக்கம். மாற்றச் சொல்லவில்லை. அது மட்டும் உண்மை.