கட்டம் போட்ட வரிகள்

செப்டம்பர் 1, திங்கள்

இவருக்குத் தொண்டையில் ஆபரேஷன் முடிந்து இன்று நான்காம் நாள். கட்டியை எடுத்தாகிவிட்டது, பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஐந்து வாரம் வாயைத் திறக்கவே கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். அதுவும் யாரிடம்? ஒரு போதகரிடம்!

சிலேட்டு வாங்கிக் கொடுத்தேன். காலையில் நான் மருந்துக்கடை வேலைக்குக் கிளம்பும்போது "சாவி" என்று எழுதிக் காட்டினார். எந்தச் சாவி, அதற்கு என்ன ஆச்சு, ஒன்றும் கிடையாது. வீட்டில் இவ்வளவு அமைதியை நான் பார்த்ததில்லை. சொல்லக் கூடாது, ஆனாலும் நன்றாகத்தான் இருக்கிறது.

செப்டம்பர் 3, புதன்

சபைச் செயலாளர் வந்தார். நானும் இவரும் எங்களுக்குள் வைத்திருக்கும் பெயர் வெண்கலம். அந்தக் குரலுக்கு மைக் எதற்கு என்று இவர் எப்போதும் கேலி செய்வார்.

"பாஸ்டர், கவலையே படாதீங்க. நீங்க சைகையில சொல்லுங்க, அம்மா எழுதிக் கொடுக்கட்டும், ஞாயித்துக்கிழமை நான் வாசிச்சிடறேன். எழுதியிருக்கறதை அப்படியே வாசிப்பேன். ஒரு வார்த்தை கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன்."

இவர் என்னைப் பார்த்தார். நான் டீ டம்ளரைப் பார்த்தேன்.

பதினொரு வருஷம். அப்போது இவருக்குக் காய்ச்சல், ஒரே ஒரு வாரம் நான் பிரசங்கம் எழுதிக் கொடுத்தேன். எல்லாரும் ஆஹா ஓஹோ என்றார்கள். "அடுத்த வாரமும் எழுதிக் கொடேன்" என்று ஆரம்பித்தது, நிற்கவில்லை. சாவு வீட்டில் யாரிடம் என்ன பேச வேண்டும், ஆஸ்பத்திரியில் யார் கையைப் பிடிக்க வேண்டும் என்று இவருக்குத் தெரிந்த மாதிரி யாருக்கும் தெரியாது. வெள்ளைத் தாளைக் கண்டால்தான் உதறல். எங்கள் இரண்டு பேரைத் தவிர இது ஒருவருக்கும் தெரியாது. இவரை இன்னும் ஐந்து வருஷம் வைத்துக்கொள்வதா என்று கமிட்டி அடுத்த மாதம்தான் முடிவு செய்யப் போகிறது. குடியிருக்கும் வீடும் சபையுடையது. தெரியவும் கூடாது.

செப்டம்பர் 5, வெள்ளி

வருஷ ஆரம்பத்திலேயே கமிட்டி பாடப் பட்டியல் போட்டுவிடும். இந்த ஞாயிறு என்ன பாடம் தெரியுமா? பைபிளில் பவுல் கொரிந்து ஊர்ச் சபைக்கு எழுதியதில், பெண்கள் சபையில் வாயைத் திறக்கக் கூடாது, சந்தேகம் இருந்தால் வீட்டில் புருஷனைக் கேட்டுக்கொள்ளட்டும் என்று வருகிற இடம். முன்பு இரண்டு தடவை இது வந்தபோது இவர் நைசாக வேறு பாடத்துக்கு மாற்றிவிட்டார். இந்தத் தடவை மாற்ற வாயில்லை.

வீட்டில் புருஷனைக் கேட்க வேண்டுமாம். இங்கே புருஷன் என்னைக் கேட்கிறார்!

சரி, கோபத்தில் எழுதினால் பிரசங்கம் ஆகாது. மத்தியானம் கடையில் கூட்டமில்லை, கல்லா மேஜையிலேயே வைத்துப் படித்தேன். அதே கடிதத்தில் மூன்று அதிகாரம் முன்னால், பெண்கள் ஜெபிக்கும்போதும் தீர்க்கதரிசனம் சொல்லும்போதும் தலையை மூடிக்கொள்ள வேண்டும் என்கிறார். அப்படியென்றால் அவர்கள் சபையில் வாய்விட்டுப் பேசிக்கொண்டுதானே இருந்திருக்கிறார்கள்? ஊமையாக உட்கார்ந்திருப்பவளுக்கு எதற்கு அந்த விதி? ரோமருக்கு எழுதின கடிதத்தைக் கொண்டுபோனது பெபேயாள் என்ற பெண் என்கிறார்கள். ஒருவேளை அவளே வாசித்தும் காட்டியிருக்கலாம் என்று சிலர் எழுதுகிறார்கள், உறுதியில்லை. அப்பொல்லோ என்ற பெரிய பேச்சாளனை வீட்டுக்குக் கூட்டிப்போய்ப் பாடம் சொல்லிக் கொடுத்தவர்களில் பிரிஸ்கில்லாள் ஒருத்தி. இயேசுவின் காலியான கல்லறையைப் பற்றி முதலில் வந்து சொன்னதும் பெண்கள்தான். உளறுகிறார்கள் என்று ஆண்கள் நம்பவில்லை.

பெண் உபதேசம் பண்ணக் கூடாது என்று சொல்லும் இன்னொரு கடிதமும் இருக்கிறது. அதையும் எழுதினேன். நமக்கு வேண்டாததை மறைப்பது யோக்கியமில்லை.

செப்டம்பர் 6, சனி

எழுதி முடித்தேன். வெண்கலம் வந்து வாங்கிக்கொண்டு போனார்.

செப்டம்பர் 7, ஞாயிறு

ஐயோ. எங்கேயிருந்து ஆரம்பிப்பது?

பிரசங்கத் தாளில் இவருக்காக நடுநடுவே நான் கட்டம் போட்டு எதையாவது எழுதுவது வழக்கம். மருந்து உறை மேல் 'சாப்பாட்டுக்குப் பின்' என்று எழுதி எழுதி வந்த பழக்கம். வேறொருவர் வாசிக்கப் போகிறார் என்று தெரியும்; ஆனாலும் கை பாட்டுக்குப் போட்டுக்கொண்டே போயிருக்கிறது. எனக்கு உறைக்கவே இல்லை!

வெண்கலம் கணீரென்று ஆரம்பித்தார். இரண்டாம் பத்தியில், அதே குரலில், "இந்த இடத்தில் மூக்குக் கண்ணாடியைத் துடைக்க வேண்டாம்" என்றார். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவர் நிறுத்தவில்லை. "முன் பெஞ்சில் தூக்கம் தெரிந்தால் குரலை உயர்த்தவும்." முன் பெஞ்சில் தூங்கியவர் விழித்துக்கொண்டார்.

மூன்றாவது கட்டம் எனக்கு நினைவிருந்தது. பெஞ்சுக்கு அடியில் புகுந்துவிடலாமா என்று பார்த்தேன்.

"இங்கே என்னைப் பார்க்கவும். தலையாட்டினால் அடுத்த பத்தி. ஆட்டாவிட்டால் நேரே ஜெபத்துக்குப் போய்விடவும்."

நிறுத்தினார். தாளைப் புரட்டினார். "யாரைப் பார்க்கணும்?" என்று சபையையே கேட்டார், மைக்கில்.

இவர் தலையைக் குனிந்துகொண்டார். செயலாளரின் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அப்புறம் அவள் பக்கத்துப் பெண். அப்புறம் எல்லாரும்.

நான் தலையாட்டினேன். எதற்கு ஆட்டினேன்? பழக்கம் என்று சொல்லிவிடலாம். பொய். ஆட்ட வேண்டும் என்றுதான் ஆட்டினேன்.

அவர் அடுத்த பத்தியை வாசித்தார். பாவம், எழுதியிருப்பதை வாசிக்காமல் விட அவருக்குத் தெரியாது. ஆதிச் சபையில் பெண்கள் ஜெபித்தார்கள், தீர்க்கதரிசனம் சொன்னார்கள், கற்பித்தார்கள், அவர்களை வாயடைக்கச் சொன்ன அதே கடிதமே அதற்குச் சாட்சி என்று அந்தக் குரலில் கேட்டபோது எனக்கே புல்லரித்தது.

செப்டம்பர் 8, திங்கள்

வியாழக்கிழமை கமிட்டி கூடுகிறதாம். இவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

சாப்பிட்டு முடித்ததும் சிலேட்டை என் பக்கம் தள்ளினார். "நான் எழுதினது, நீ கட்டம் மட்டும் போட்டதா சொல்லிடலாமா?"

படித்தேன். துடைத்தேன். திருப்பிக் கொடுத்தேன்.

என்னத்தைச் சொல்றது? பதினொரு வருஷம் எழுதினவளுக்குக் கண்ணாடியைத் துடைக்காதேன்னு சொன்ன பங்கு மட்டும் போதுமா? நான் பேர் கேட்டேனா இதுவரைக்கும்? ஒரு நாள் கேட்டேனா? கேக்கலையே, அதுதான் தப்போ? வீடு போயிடும்னு பயப்படறார். எனக்கும் பயம்தான். பயம் இல்லேன்னு யார் சொன்னா? ஆனா அந்தச் சிலேட்டைப் பாத்ததும் ஆத்திரமா வருது.

செப்டம்பர் 9, செவ்வாய்

பேசவில்லை. அவரால் முடியாது, நான் மாட்டேன்.

செப்டம்பர் 11, வியாழன்

கமிட்டி அறையில் பெண்களுக்கு நாற்காலி இல்லை. வெளியே நடையில், குடைகள் தொங்கும் ஆணிக்குக் கீழே உட்கார்ந்திருந்தேன். வெண்கலம் கேட்ட கேள்வி கதவைத் தாண்டித் தெளிவாகவே கேட்டது. "பாஸ்டர், நேரடியாவே கேக்கறேன். எழுதறது யாரு?"

பிறகு சாக்பீஸ் சத்தம் மட்டும். டக் டக்கென்று, ரொம்ப நேரம். ஒரு பொய்க்கு இவ்வளவு எழுத வேண்டாமே என்று நினைத்தேன், அதற்குள் சந்தோஷப்படவும் பயமாக இருந்தது.

கதவு திறந்தது. வெண்கலத்தின் கையில் சிலேட்டு. என்னிடம் நீட்டினார். "எல்லாம் இவள் எழுதியது. பதினொரு வருஷமும். நேற்றுவரை சொல்லாதது என் கோழைத்தனம். போகச் சொன்னால் போகிறோம்." கடைசி வரிக்கு இடமில்லாமல் ஓரத்தில் செங்குத்தாக எழுதியிருந்தார்.

"அம்மா, போகவெல்லாம் சொல்லல," என்றார் வெண்கலம். தணிந்த குரலில் அவர் பேசி இன்றுதான் கேட்டேன். "ஏமாத்தினது தப்புதான், அது தனி. மிச்ச வாரங்களுக்கு நீங்களே எழுதுங்க. உங்க பேரைச் சொல்லி நான் வாசிக்கறேன். அதுக்கு மேல என்னால ஒத்துக்க முடியாது. வேதத்துல எழுதியிருக்கறது எழுதியிருக்கறதுதான்."

"நானும் எழுதியிருக்கறதைத்தான் சொன்னேன்," என்றேன். "இனிமே நான் எழுதினா நான்தான் பேசுவேன். இல்லாட்டி வேற ஆளைப் பாருங்க."

என் வாயா இது என்று எனக்கே ஆச்சரியம்.

வீட்டுக்கு வரும் வழியில் இவர் என் கைப்பையை வாங்கித் தூக்கிக்கொண்டார். நானும் கொடுத்தேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

பிரசங்கம் இல்லை. பாட்டும் ஜெபமும் மட்டும். வெளியே வரும்போது செயலாளரின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வீட்ல நாலு நாளா இதே பேச்சுதான். விடாதீங்க, நானும் விடல."

செப்டம்பர் 18, வியாழன்

கமிட்டி ஓட்டு ஐந்துக்கு நான்கு. பேசலாமாம். மேடையில் ஏறாமல் கீழே நின்று பேச வேண்டுமாம். எதிர்த்து ஓட்டுப் போட்டவர்களில் வெண்கலமும் ஒருவர். அதை அவரே நேரில் வந்து சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அவர்மேல் மரியாதை கூடிவிட்டது.

செப்டம்பர் 21, ஞாயிறு

கீழே நின்று பேசினேன். பின் வரிசைக்குக் கேட்கவில்லை என்று வெண்கலம் எழுந்து வந்து மைக்கைச் சரிசெய்தார். முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டுதான் செய்தார்.

அக்டோபர் 2, வியாழன்

டாக்டர் பேசச் சொன்னார். இவர் முதலில் பேசியது, "பசிக்குது."

அக்டோபர் 10, வெள்ளி

கமிட்டி ஐந்து வருஷம் நீட்டித்துவிட்டது. இனித் தகவல் பலகையில் பிரசங்கத்துக்கு ஒரு வாரம் இவர் பெயர், ஒரு வாரம் என் பெயர். இந்த வாரம் இவருடையது. எழுதித் தரட்டுமா என்றேன். "நீ சும்மா இரு" என்று கதவைச் சாத்திக்கொண்டார். குப்பைக் கூடை நிரம்பி வழிகிறது.

அக்டோபர் 12, ஞாயிறு

ஏழே நிமிஷம். இரண்டு தடவை தடுமாறினார், ஒரு உதாரணத்தைப் பாதியில் விட்டுவிட்டு வேறெங்கோ போனார். குரல் இன்னும் கரகரக்கிறது. நான் பெஞ்சு விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசியில் தாளை மடித்து வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"பதினொரு வருஷமா என்னைப் பாராட்டினீங்க. அதெல்லாம் இவளுக்குச் சேர வேண்டியது. இன்னிக்குத் திட்டறதா இருந்தா, அது மட்டும் எனக்கு."

யாரும் திட்டவில்லை. வாசலில் வெண்கலம் மட்டும் கை குலுக்கிவிட்டு, "கொஞ்சம் சின்னதா இருந்துச்சு, பாஸ்டர்" என்றார். "ஆமா, அது என்னோடது" என்றார் இவர்.